நார்சிஸா விட்மன் இரத்தசாட்சியா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க மேற்குக் குடியேற்றம் பற்றிய கட்டுரையில் 1836இல் அங்கே ஊழியத்துக்குப் போன மிஷனரி நார்சிஸா விட்மனுக்கு இரண்டே வரி ஒதுக்கியிருக்கிறீர்கள், அதுவும் நிலம் பிடிக்க வந்த கூட்டத்தில் ஒருத்தி என்ற தொனியில். நான் சபையில் ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். சின்ன வயதில் எங்கள் டீச்சர் அவரை இரத்தசாட்சி, விசுவாசத்துக்காக உயிர்விட்டவர் என்றுதான் சொல்லித் தந்தார். கல்லூரியில் படிக்கும் என் மகளோ உங்கள் கட்சி. பெற்ற குழந்தையை அந்நிய மண்ணில் புதைத்து, கடைசியில் தானும் கொலையுண்ட ஒரு பெண்ணின் பக்தியை இப்படித் தட்டிவிடலாமா? பிள்ளைகளுக்கு நான் என்னதான் சொல்ல?

ரா., மதுரை

அன்புள்ள ரா.,

அந்தக் கட்டுரை குடியேறிகள் மேற்கே போன வண்டித்தடத்தைப் பற்றியது, ஆட்களைப் பற்றி எழுத அதில் இடமில்லை. இப்போது எழுதுகிறேன்.

அவருடைய பக்தியில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1808இல் நியூயார்க் மாநிலத்தின் பிராட்ஸ்பர்கில் பிறந்தவர், பக்தியைத் தூண்டும் எழுப்புதல் கூட்டங்கள் ஓயாமல் நடந்த பகுதி அது, பதின்வயதிலேயே மிஷனரியாவது என்று தீர்மானித்துவிட்டார். ஆனால் கல்யாணமாகாத பெண்களை அனுப்ப, மிஷனரிகளை அனுப்பும் சங்கமான அமெரிக்கன் போர்டு தயங்கியது. (உங்கள் மதுரைக்கு 1834இல் வந்ததும், அதற்கு முன்பே 1816இல் யாழ்ப்பாணம் போனதும் இதே போர்டு அனுப்பிய ஆட்கள்தான்.) டாக்டர் மார்கஸ் விட்மனுக்கும் ஊழியத்துக்குப் போக ஒரு மனைவி தேவைப்பட்டது. 1836 பிப்ரவரியில் கல்யாணம், கையோடு பயணம். அந்த ஜூலை 4 அன்று அவரும் எலைசா ஸ்பால்டிங் என்ற இன்னொரு மிஷனரி மனைவியும் சவுத் பாஸ் கணவாய் வழியாக ராக்கி மலையைக் கடந்தார்கள். தரைவழியாக அதைக் கடந்த முதல் வெள்ளைக்காரப் பெண்கள் அந்த இருவரும்தான். அப்போது நார்சிஸா கர்ப்பிணி.

அன்று ஓரிகன் என்று சொல்லப்பட்ட பகுதியில், வல்லா வல்லா ஆற்றோரம் வையீலாட்பு என்ற இடத்தில், கயூஸ் என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தில், வீடு கட்டினார்கள். 1837 மார்ச் 14இல், நார்சிஸாவின் பிறந்தநாளிலேயே, ஆலிஸ் பிறந்தாள். மறுநாள் குழந்தையைப் பார்க்க வந்தவர்களில் திலோகைக்ட் என்ற கயூஸ் தலைவரும் ஒருவர். எங்கள் மண்ணில் பிறந்ததால் இவள் கயூஸ் பெண் என்றார்கள், தாய்க்கும் அதில் சந்தோஷம்தான். இரண்டு வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தண்ணீர் மொள்ளக் கோப்பைகளோடு போன குழந்தை ஆற்றில் மூழ்கிவிட்டது. அதன் பிறகு நார்சிஸா ஊருக்கு எழுதிய கடிதங்களைப் படித்தால் தேவனோடு மல்லுக்கட்டும் ஒரு தாயைத்தான் பார்ப்போம். ஒரு கடிதம் வீட்டுக்குப் போய்ப் பதில் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் காலம் அது, ஆறுதல் சொல்லப் பெற்றவர்கள்கூட அருகில் இல்லை.

ஆனால் அதே கடிதங்களில் இன்னொன்றும் இருக்கிறது, டீச்சர்கள் அதைச் சொல்வதில்லை. யாருக்காக வந்தாரோ அவர்களை அவருக்குப் பிடிக்கவில்லை. சமையலறைக்குள் வந்து நிற்கிறார்கள், அழுக்கு, அகங்காரம் என்று புலம்புகிறார். பதினொரு வருஷத்தில் கயூஸ்களில் சபையில் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய யாருமில்லை. மறுபக்கம், 1843இல் ஏறக்குறைய ஆயிரம் பேர் வண்டிகளில் வந்தார்கள், அப்புறம் வருஷாவருஷம் கூட்டம் பெருகியது, மிஷன் வீடு வழிப்போக்கர் சத்திரம்போல் ஆகிவிட்டது. 1844இல் வழியில் தாய் தகப்பனை இழந்த சேகர் குடும்பத்துக் குழந்தைகள் ஏழு பேரையும் நார்சிஸா எடுத்து வளர்த்தார். அந்தத் தாய்மை அபாரமானது, நான் மறுக்கவில்லை. கயூஸ்களுக்கோ, இந்த வீட்டின் அன்பு யார் பக்கம் என்பது அதில் தெளிவாகிவிட்டது.

1847இல் தட்டம்மை வந்தது. மார்கஸ் இரண்டு தரப்புக்கும் மருந்து கொடுத்தார். வெள்ளைக்காரக் குழந்தைகள் பெரும்பாலும் பிழைத்தன, சுற்றியிருந்த கயூஸ்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் செத்தார்கள். அந்த நோய் அவர்கள் உடம்புக்குப் புதிது என்று இன்று நமக்குத் தெரியும். பிள்ளையைப் பறிகொடுத்தவனுக்கு அது தெரிய என்ன வழி? நோயாளியைச் சாகவிட்ட வைத்தியரைக் கொல்லலாம் என்பது அங்கிருந்த வழக்கம். இதோடு முன்பு ஓநாய்க்காக மிஷனில் இறைச்சியில் விஷம் வைத்ததும் சேர்ந்து, தங்களுக்கும் விஷம்தான் கொடுக்கிறாரோ என்ற சந்தேகத்தை வளர்த்தது. நவம்பர் 29 அன்று மார்கஸை வெட்டினார்கள், நார்சிஸாவைச் சுட்டார்கள். அன்று கொல்லப்பட்ட பெண் அவர் ஒருவர்தான். ஆகவே விசுவாசத்தை விடச் சொல்லி, விடாததால் கொல்லப்பட்டார் என்ற அர்த்தத்தில் அவர் இரத்தசாட்சி இல்லை.

பக்தியால்தான் இவ்வளவு கேடும் வந்தது என்று உங்கள் மகள் சொன்னால் எலைசாவைக் காட்டுங்கள். அதே பயணம், அதே வேதம், உடம்பும் சீக்குக்காரி. லாப்வாய் என்ற இடத்தில் நெஸ் பெர்ஸ் என்ற இன்னொரு பூர்வகுடி மக்களின் மொழியைக் கற்று, வேதக் கதைகளைப் படமாக வரைந்து பாடம் நடத்தினார். 1847 கலவரத்தில் நெஸ் பெர்ஸ் நண்பர்கள் அவருக்குக் காவல் நின்றார்கள். எலைசா ஊழியத்துக்குப் பொருத்தமானவர். நார்சிஸா ஒரு பெரிய குடும்பத்துக்குத் தாயாக இருக்கப் பொருத்தமானவர், மிஷனரியாக அல்ல. என் கணிப்பு இவ்வளவுதான்.

பிள்ளைகளுக்குத் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் கொலையோடு கதையை நிறுத்திவிடாதீர்கள். அடுத்த வருஷமே ஓரிகன் அமெரிக்கப் பிரதேசமாக்கப்பட்டது, கயூஸ்கள்மேல் போர் நடந்தது, 1850 ஜூன் 3 அன்று ஓரிகன் சிட்டியில் ஐந்து கயூஸ் ஆண்களைத் தூக்கிலிட்டார்கள். ஐவருமே கொலைகாரர்கள்தானா என்பது இன்றும் தகராறு. அவர்களில் ஒருவர் திலோகைக்ட். ஆலிஸைப் பார்க்க வந்தவர் என்று அவரைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே அறிமுகப்படுத்திவிடுங்கள்.