யுவென்டஸை 6-1 என்று அடித்த சுரங்கத் தொழிலாளிகள்: வாசகர் கேள்வி-பதில்

போன முறை பேச்சுவாக்கில், "முதல் உலகக் கோப்பையை ஜெயித்தது இங்கிலாந்தில் ஒரு கிராமத்து டீம்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு வந்த கேள்விகளிலேயே இந்த முறை பக்கம் நிறைந்துவிட்டது. வேறு விஷயம் கேட்டு எழுதியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கே: முதல் உலகக் கோப்பை 1930-ல் உருகுவேயில் நடந்தது, உருகுவேயே ஜெயித்தது. இது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். நடுவில் கிராமத்து டீம் எங்கிருந்து வந்தது?

ப: ஃபிஃபா நடத்தியதில் அதுதான் முதல், அதில் சண்டை இல்லை. நான் சொன்னது அதற்கு 21 வருஷம் முன்னால், 1909 ஈஸ்டர் விடுமுறையில் இத்தாலியின் டூரின் நகரத்தில் நடந்த சர் தாமஸ் லிப்டன் கோப்பை. ஆமாம், டீத்தூள் லிப்டன்தான். கிளாஸ்கோவில் மளிகைக்கடை வைத்து முன்னுக்கு வந்து, 1890-ல் இலங்கை மலைநாட்டில் எஸ்டேட்டுகள் வாங்கி, தேயிலையில் பெரும் பணக்காரரானவர். அந்த எஸ்டேட்டுகளில் கொழுந்து பறித்தவர்கள் யார் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கோப்பையின் வெள்ளியில் அவர்கள் வியர்வையும் கொஞ்சம் இருக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இத்தாலி, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து மூன்றிலிருந்தும் டீம்கள் வந்தன. இங்கிலாந்து கால்பந்து சங்கம் மட்டும் கையை விரித்துவிட்டது. கால்பந்தைக் கண்டுபிடித்த நாட்டிலிருந்து யாருமே வராமல் ஒரு பன்னாட்டுப் போட்டியா என்று கடைசியில் கூப்பிடப்பட்ட டீம்தான் வெஸ்ட் ஆக்லாந்து. வடகிழக்கு இங்கிலாந்தில், டர்ஹாம் கவுண்டியில், நிலக்கரியை நம்பிப் பிழைத்த ஒரு கிராமம். ஆட்டக்காரர்களில் பெரும்பாலானோர் வாரம் முழுக்கச் சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர்கள், சனிக்கிழமை மட்டும் பந்து உதைத்தவர்கள். அந்த வருஷம் தங்கள் உள்ளூர் லீகிலேயே அட்டவணையின் கீழ்ப்பகுதியில்தான் இருந்தார்கள். பயணச் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்காக வீட்டுச் சாமான்களை விற்றும் அடகு வைத்தும் போனார்கள் என்று அந்த ஊரில் இன்னும் சொல்வார்கள்.

போனவர்கள் முதலில் ஸ்டுட்கார்ட் டீமை 2-0 என்று ஜெயித்தார்கள். ஏப்ரல் 12-ம் தேதி இறுதி ஆட்டத்தில் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் டீமையும் அதே 2-0. கோப்பையோடு ஊர் திரும்பி, அடுத்த நாள் சுரங்கத்தில் இறங்க வேண்டியவர்கள் இறங்கினார்கள்.

1911-ல் கோப்பையைத் தக்கவைக்க மறுபடியும் டூரின். இந்த முறை சூரிச் டீமை 2-0, இறுதி ஆட்டத்தில் உள்ளூர் டீமான, இன்று இத்தாலியின் பெரிய கிளப்புகளில் ஒன்றான யுவென்டஸை 6-1. இரண்டு தடவை அடுத்தடுத்து ஜெயித்ததால் கோப்பை நிரந்தரமாக அவர்களுக்கே என்று கொடுத்துவிட்டார்கள்.

கே: யுவென்டஸை ஒரு கிராமத்து டீம் 6-1 என்று ஜெயித்தது நம்பும்படியாகவா இருக்கிறது?

ப: ஸ்கோர் உண்மை. ஆனால் நாம் அதைக் கேட்கும்போது மனசில் வரும் யுவென்டஸ் வேறு, 1911-ல் இருந்த யுவென்டஸ் வேறு. 1897-ல் டூரின் பள்ளிக்கூட மாணவர்கள் சேர்ந்து ஆரம்பித்த கிளப் அது. 1911 வரை அவர்கள் வாங்கியிருந்தது ஒரே ஒரு இத்தாலியப் பட்டம், 1905-ல். அந்தப் புகழ்பெற்ற கறுப்பு வெள்ளைப் பட்டைச் சட்டைகூட 1903-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமிலிருந்து வரவழைத்ததுதான். இத்தாலியில் கால்பந்து தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், அது இருபது வருஷத்துக்கும் மேலாக லீக் கட்டி ஓடிக்கொண்டிருந்த வடகிழக்கு இங்கிலாந்திலிருந்து போனவர்கள் இவர்கள். அங்கே ஒவ்வொரு சுரங்கக் கிராமத்துக்கும் ஒரு டீம், பக்கத்துக் கிராமத்தோடு தீராத பகை. லீகில் கீழே இருந்த டீமுக்கே அந்தப் பயிற்சி போதும். எனக்கு ஆட்டத்தைவிட அந்தப் பயணம்தான் பெரிய சாதனையாகத் தெரிகிறது.

கே: 'டபிள்யூ.ஏ.' என்று இருந்ததைப் பார்த்து, வுல்விச் ஆர்செனலுக்கு (இன்றைய ஆர்செனல்) போக வேண்டிய அழைப்பு தவறி வெஸ்ட் ஆக்லாந்துக்குப் போய்விட்டது என்கிறார்களே?

ப: அருமையான கதை. ஆதாரம்தான் கிடையாது. அன்றைக்கு வுல்விச் ஆர்செனல் முதல் டிவிஷனில் ஆடிய தொழில்முறை டீம். அப்படிப்பட்ட கிளப்பை அனுப்பத்தான் கால்பந்து சங்கம் மறுத்துவிட்டதே, அப்புறம் அவர்களுக்கு எதற்கு அழைப்பு? ஆனாலும் இந்தக் கதை சாகாது. கேட்டவர் சிரிப்பார், சிரித்தவர் இன்னொருவரிடம் சொல்வார்.

கே: ஆக்லாந்து நியூசிலாந்தில் அல்லவா இருக்கிறது?

ப: இருக்கிறது. ஆனால் பெயர் போனது இங்கிருந்து அங்கே. ஆக்லாந்து பிரபு என்ற பட்டம் இந்த வெஸ்ட் ஆக்லாந்து கிராமத்தின் பெயரில் கொடுக்கப்பட்டது. அந்தப் பட்டத்துக்கு வாரிசான ஜார்ஜ் ஈடன் 1836 முதல் 1842 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரல். அவர் பெயரைத்தான் நியூசிலாந்து நகரத்துக்கு வைத்தார்கள். கல்கத்தாவின் ஈடன் கார்டன்ஸ் பெயரும் அதே குடும்பத்திலிருந்து வந்ததுதான். ஒரு சின்ன கிராமம் ஒரு நாட்டின் பெரிய நகரத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு, தன் பெயரைச் சொன்னால் "நியூசிலாந்தா?" என்று கேட்கும் நிலைமையில் இருக்கிறது.

கே: அவ்வளவு பெரிய கோப்பை கையில் இருந்தும் அந்த கிளப் ஏன் பெரிய கிளப்பாக வளரவில்லை?

ப: கோப்பைதான் கையில் இருந்தது, காசு இல்லை. இரண்டாவது டூரின் பயணம் முடிந்து வந்தபோது கிளப் கடனில் மூழ்கியிருந்தது. லிப்டன் கோப்பையோடு பரிசுப் பணமெல்லாம் கிடையாது. டிக்கெட் வாங்கிப் பார்க்க வருகிறவர்களும் அதே சுரங்கத் தொழிலாளிகள்தான், அவர்கள் எத்தனை பென்னி கொடுத்துவிட முடியும்? கடைசியில் உலகத்தையே ஜெயித்து வாங்கிவந்த கோப்பையை, கிளப்பின் கூடாரமாக இருந்த உள்ளூர் ஓட்டலின் உரிமையாளரம்மாவிடம் 40 பவுண்டுக்கு அடகு வைத்தார்கள். அப்புறம் கிளப்பே கலைந்து, 1914-ல் வெஸ்ட் ஆக்லாந்து டவுன் என்ற பெயரில் மறுபடி தொடங்கியது. ஊருக்கு 'டவுன்' என்று பெயரில் சேர்த்துக்கொண்டதில் ஒரு சின்னப் பெருமை, அவ்வளவுதான், அது கிராமமேதான்.

அடகுக் கோப்பை ஒரு தலைமுறைக்கு மேல் அந்தக் குடும்பத்திடமே இருந்தது. 1960-ல் கிராமத்தார் அந்த அம்மாவைத் தேடிப்பிடித்து, 100 பவுண்டு கொடுத்து மீட்டார்கள். நாற்பதுக்கு வைத்து நூறுக்கு மீட்டது, ஐம்பது வருஷ வட்டியை நினைத்தால் அந்த அம்மா நியாயமாகத்தான் நடந்துகொண்டிருக்கிறார்.

கிளப்புக்கும் அந்தச் சமயம் நல்ல காலம். 1960, 1961 இரண்டு வருஷமும் தங்கள் வட்டார லீகான நார்தர்ன் லீகின் பட்டம். 1961-ல், சம்பளம் வாங்காத ஆட்டக்காரர்களுக்கான அமெச்சூர் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு லண்டனின் வெம்ப்ளி மைதானம் வரை போய், வால்தம்ஸ்டோ அவென்யூவிடம் 2-1 என்று தோற்றார்கள். பக்கத்து ஊரான பிஷப் ஆக்லாந்து அதே அமெச்சூர் கோப்பையைப் பத்து முறை ஜெயித்த டீம், 1958 மியூனிக் விமான விபத்தில் ஆட்டக்காரர்கள் பலரை இழந்த மான்செஸ்டர் யுனைடெட்டுக்கே மூன்று ஆட்டக்காரர்களைக் கொடுத்து உதவிய டீம். அப்படி ஒரு பக்கத்து வீட்டுக்காரன் இருக்கும்போது, ஒரு தடவை இறுதி ஆட்டத்தில் தோற்றதெல்லாம் வடகிழக்கில் செய்தியே இல்லை.

கே: நீட்டி எழுதுகிறீர்கள், ஆனால் இப்படிப்பட்ட டீம்களை 'நான்-லீக்' என்கிறார்களே, அது என்ன என்றுதான் சொல்லவில்லை. லீகில் ஆடுகிற டீமை எப்படி லீக் இல்லாத டீம் என்கிறார்கள்?

ப: நியாயமான கேள்வி. அங்கே 'லீக்' என்றால் 1888-ல் தொடங்கிய ஃபுட்பால் லீக் மட்டும்தான். இப்போது பிரீமியர் லீகின் 20 கிளப்புகள், அதற்குக் கீழே மூன்று டிவிஷன்களில் 72, மொத்தம் 92. அந்த 92-க்குள் இல்லாத எல்லாமே நான்-லீக். ஆனால் கீழேயும் படிக்கட்டு இறங்கிக்கொண்டே போகும். ஐந்தாவது படி நேஷனல் லீக். வெஸ்ட் ஆக்லாந்து ஆடும் நார்தர்ன் லீகின் முதல் டிவிஷன் ஒன்பதாவது படி. 1889-ல் தொடங்கியது, ஃபுட்பால் லீகுக்கு அடுத்தபடியாக, உலகத்தில் இன்னும் உயிரோடு இருக்கும் லீகுகளில் இரண்டாவது பழையது.

ஒவ்வொரு படியிலும் ஜெயித்தால் மேலே போகலாம், காகிதத்தில். நேஷனல் லீகிலிருந்து ஃபுட்பால் லீகுக்கு நேரடியாக ஏறும் வழியே 1987-ல்தான் திறந்தது. அதுவும் போதாது, மைதானத்தில் விளக்கு, இருக்கை, உடை மாற்றும் அறை எல்லாம் அந்தப் படிக்கான விதிப்படி இருக்க வேண்டும். பட்டத்தை ஜெயித்தும் மைதானம் சரியில்லை என்று அங்கேயே உட்கார வைக்கப்பட்ட கிளப்புகள் உண்டு.

கே: ஒரு பணக்காரர் வாங்கினால் கிராமத்து கிளப் மேலே வந்துவிடாதா?

ப: வரும். வந்த பிறகு என்ன ஆகிறது என்பதற்கு நார்த் ஃபெரிபி யுனைடெட்டைப் பாருங்கள். ஹம்பர் ஆற்றங்கரையில், ஹல் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள கிராமம். வசதியான உரிமையாளர்கள் இருந்த காலத்தில், 2015 மார்ச்சில் வெம்ப்ளியில், கால்பந்து சங்கம் நான்-லீக் கிளப்புகளுக்கு நடத்தும் எஃப்.ஏ. டிராஃபியின் இறுதி ஆட்டம். எதிரே வேல்ஸைச் சேர்ந்த ரெக்ஸம். இரண்டு கோல் பின்தங்கி, கடைசி கால் மணி நேரத்தில் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 3-3 ஆகி, பெனால்டியில் 5-4 என்று ஜெயித்தார்கள். அடுத்த வருஷம் ஐந்தாவது படிக்கே ஏறினார்கள். அதற்கடுத்து வரிசையாக இரண்டு வருஷம் இறக்கம், உரிமையாளர்கள் மாற்றம், 2019 மார்ச்சில் கோர்ட் உத்தரவில் கிளப்பையே மூடிவிட்டார்கள். கோப்பைக்கும் கதவடைப்புக்கும் நடுவில் சரியாக நாலு வருஷம். அதே வருஷம் ஊர்க்காரர்கள் நார்த் ஃபெரிபி என்று புது கிளப் பதிந்து, பல படிகள் கீழேயிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள். அந்தச் சின்ன ஊரின் நுழைவுச்சீட்டுப் பணத்தை மட்டும் வைத்து ஐந்தாவது படிச் சம்பளம் கொடுக்க எந்தக் கணக்குப்பிள்ளையாலும் முடியாது.

கே: மீட்ட கோப்பை இப்போது எங்கே?

ப: போய்விட்டது. 1994 ஜனவரியில், கிராமத்தின் தொழிலாளர் கிளப்பில் வைத்திருந்ததை யாரோ திருடிக்கொண்டு போனார்கள், இன்றுவரை கிடைக்கவில்லை. அச்சு அசலாக இன்னொன்று செய்து வைத்திருக்கிறார்கள்.

கே: அந்த டீம் இன்னும் ஆடுகிறதா? லண்டனில் மகன் வீட்டுக்குப் போகிறேன், பார்க்க முடியுமா?

ப: ஆடுகிறது, நார்தர்ன் லீகில்தான். சின்ன கிளப்புகளுக்கான எஃப்.ஏ. வேஸ் போட்டியில் 2012-லும் 2014-லும் வெம்ப்ளி இறுதி வரை வந்து இரண்டு தடவையும் தோற்றார்கள், முதலில் டன்ஸ்டனிடம் 2-0, அப்புறம் ஷோலிங்கிடம் 1-0. டூரினில் இரண்டு இறுதி ஆட்டம், இரண்டு வெற்றி. வெம்ப்ளியில் மூன்று, மூன்றிலும் தோல்வி. பேசாமல் வேஸ் இறுதி ஆட்டத்தை இத்தாலியில் வைத்திருக்கலாம்.

போவதாக இருந்தால், லண்டனிலிருந்து ரயிலில் டார்லிங்டன் வரை போய் அங்கிருந்து பிஷப் ஆக்லாந்து போங்கள், வெஸ்ட் ஆக்லாந்து அதற்கு மிகப் பக்கம். கிராமத்துப் புல்வெளியில் 2013-ல் வைத்த வெண்கலச் சிலை இருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள். ஆட்டம் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. குளிர்காலமாக இருந்தால் காலையிலேயே கிளப்பில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். மைதானத்தில் தண்ணீர் நின்றாலும் உறைபனி விழுந்தாலும் நடுவர் வந்து பார்த்துவிட்டு ஆட்டத்தைத் தள்ளிவைத்துவிடுவார், அப்புறம் சிலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.