மினி பைக் ஃபிரேம்: தேய்ப்பதற்கு முன் தேடுங்கள்

1960, 70களின் அமெரிக்க மினி பைக்குகள் பற்றி கனடா, அமெரிக்க வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: வாங்கிய வீட்டின் கராஜில் இன்ஜின் இல்லாத மினி பைக் ஃபிரேம் ஒன்று கிடந்தது. பச்சை பெயின்ட், 6 அங்குல ரிம். பெயர் எங்குமே இல்லை. பார்த்தவர்கள் ‘ரப்’ கம்பெனி வண்டி என்கிறார்கள். எப்படி உறுதி செய்வது? – வாசகர், ஸ்கார்பரோ

பதில்: கம்பி பிரஷை இப்போதைக்குத் தொடாதீர்கள். உங்களுக்கு வேண்டிய சாட்சி அந்த அழுக்குக்கு அடியில்தான் இருக்கிறது. சோப்புத் தண்ணீரும் பழைய துணியும் போதும். கழுவிய பிறகு விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் குழாயோடு ஒட்டினாற்போல் சாய்த்து அடியுங்கள். ஸ்டிக்கர் உரிந்து போயிருந்தாலும் அதன் ஓரம் மெல்லிய கோடாகத் தெரியும். அடுத்து கழுத்துக் குழாயிலும் (ஹேண்டில்பார் திரும்பும் முன் குழாய்) இன்ஜின் உட்காரும் தட்டின் ஓரத்திலும் ரிவெட் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெயர்ப் பலகை போய்விட்டாலும் துளை போகாது. துளைகளுக்கு இடையே உள்ள தூரத்தைக் குறித்து வையுங்கள்.

பச்சைதான் முதல் பெயின்டா? இன்ஜின் தட்டின் அடிப்பக்கத்தில் ஒரு காசு அளவுக்கு மட்டும், 600 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். அடியில் வேறு நிறம் இருந்தால் வளையம் வளையமாக வெளிப்படும். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலரத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்.

அடுத்தது அளவு. குழாயின் வெளிவிட்டத்தை வெர்னியர் காலிப்பரால் எடுங்கள். முக்கால் அங்குலம், அதாவது ஆறு நூல் டியூப் என்றால் 19 மி.மீ. வரும், ஏழு நூல் என்றால் 22.2, ஒரு அங்குலம் என்றால் 25.4. காலிப்பர் 26.7 அல்லது 21.3 காட்டினால் அது தண்ணீர்க் குழாய். முக்கால் அங்குல, அரை அங்குலத் தண்ணீர்க் குழாய்களின் வெளிவிட்டம் அதுதான். அப்படியானால் யாரோ வீட்டில் வளைத்துச் செய்த வண்டி என்றே பெரும்பாலும் முடிவுக்கு வரலாம். பாக்டரி ஃபிரேமில் இடதும் வலதும் ஒரே வளைவாக இருக்கும்; கைவேலையில் சில மி.மீ. விலகும். கழுத்துக் குழாயின் நீளம், அதன் சாய்வு, பின் அச்சுத் தட்டுகளின் இடைவெளி, இன்ஜின் தட்டின் அகலம், சீட்டுக்கான குழாய் தனியாக ஒட்டப்பட்டதா அல்லது அதே குழாய் வளைந்து வருகிறதா: இவ்வளவும் குறித்துக்கொண்டு, பழைய விற்பனைத் துண்டறிக்கைகளில் உள்ள பக்கவாட்டுப் படங்களோடு ஒப்பிடுங்கள். நிறத்தை ஒப்பிட வேண்டாம், கோணத்தை ஒப்பிடுங்கள்.

ரப் ஒஹாயோவின் மான்ஸ்ஃபீல்டில் செய்தது. ஸ்டீன்ஸ் கம்பெனியின் டாக்கோ கலிஃபோர்னியாவின் அல்ஹாம்ப்ராவிலிருந்தும், பொனான்ஸா சான் ஹோசேயிலிருந்தும், பேர்ட் நெப்ராஸ்காவின் ஒமஹாவிலிருந்தும் வந்தவை. சியர்ஸ், மாண்ட்கமரி வார்ட் போன்ற பெருங்கடைகளும் தங்கள் பெயரில் மினி பைக் விற்றன. அதனால் ஸ்டிக்கரில் உள்ள பெயரும் செய்தவர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சக்கரம், ஹேண்டில்பார், சீட் எதையும் சாட்சியாக எடுக்காதீர்கள். தனியாக வாங்கக்கூடிய அசூசா கம்பெனி ரிம்கள் எந்தக் கைவேலை வண்டியிலும் ஏறும். விலை கூடுதலாகக் கிடைக்கும் என்பதற்காகவே ‘ரப்’ என்று சொல்பவர்கள் உண்டு. அளவு பொருந்தாத வரை நம்பாதீர்கள்.

கேள்வி: இன்ஜின் நம்பரை வைத்து வண்டியின் ஆண்டைச் சொல்ல முடியுமா? – வாசகர், நியூ ஜெர்சி

பதில்: இன்ஜினின் ஆண்டைச் சொல்லலாம், வண்டியின் ஆண்டை அல்ல. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் இன்ஜின் என்றால் ‘கோட்’ எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் ஆண்டு, மாதம், நாள்: 710512 என்பது 1971 மே 12. டெக்கம்சே இன்ஜினின் பழைய சீரியலில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 9123 என்றால் மே 3, ஆனால் 1969-ஆ 1979-ஆ என்பதை இன்ஜின் மாடலைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

கேள்வி: இன்ஜின் தட்டுக்குப் பக்கத்தில் குழாயில் விரிசல் விட்டிருக்கிறது, அடிக்குழாயில் துரு. மேலே ஒரு வெல்டிங் போட்டால் போதுமா? – வாசகர், மிசிசாகா

பதில்: போதாது. மேலே மட்டும் ஓட்டிய வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே மறுபடி விரிசல் விடும். விரிசலின் இரு முனைகளிலும் 3 மி.மீ. துளை போட்டு அதை நிறுத்துங்கள். பிறகு விரிசலை ‘வி’ வடிவில் கிரைண்டரால் திறந்து வெல்டு செய்யுங்கள். குழாயின் கனம் 1.6 மி.மீ. அளவுதான் இருக்கும், எனவே மிக் வெல்டிங்கில் 0.6 மி.மீ. கம்பி போதும். விட்டு விட்டு, சிறிது சிறிதாக. பழைய இன்ஜின் பிளாக் ஒன்றைத் தட்டில் போல்ட் போட்டு இறுக்கிவிட்டு வேலை செய்தால் தட்டு முறுக்கிக்கொள்ளாது. ஒற்றை சிலிண்டர் அதிர்வில் இன்ஜின் போல்ட் தளர்ந்தே ஓடியதுதான் பெரும்பாலும் இந்த விரிசலுக்குக் காரணம்.

துருவுக்கு, அடிக்குழாயைச் சின்னச் சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும், உளுத்த இடம் மொத்தென்று கேட்கும். அங்கே கூரான ஊசியை அழுத்தினால் உள்ளே இறங்கும். அப்படி இறங்கினால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டு வைக்க வேண்டும். ஒவ்வொரு இணைப்பிலும் உள்ளே இறுக்கமாகச் செல்லும் குழாயை இரு பக்கமும் 30 மி.மீ. நுழைத்து, பக்கத்துக்கு இரண்டு துளை வழியாக வெல்டு நிரப்பி, நடுவில் 2 மி.மீ. இடைவெளி விட்டு ஒட்டுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். குரோமோ துத்தநாகமோ பூசிய இடத்தில் வெல்டு செய்வதற்கு முன் பூச்சை முழுக்கச் சுரண்டுங்கள், அந்தப் புகை நஞ்சு. குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் வைக்கவே கூடாது. அந்தச் சூட்டில் ஃபாஸ்ஜீன் வாயு உண்டாகி ஆளையே கொல்லும்.

கேள்வி: 4.10/3.50-6 டயரை மாற்றப் போகிறேன். ரிம் இரண்டு பாதியாக போல்ட் போட்டிருக்கிறது. – வாசகர், பிராம்ப்டன்

பதில்: வால்வின் ஊசியைக் கழற்றி, காற்று ஒரு பொட்டும் இல்லை என்று உறுதி செய்த பிறகே போல்ட்டைத் தொடுங்கள். காற்றோடு கழற்றினால் ரிம் முகத்தில் பாயும். பூட்டும்போது ட்யூபுக்குக் கொஞ்சம் காற்று கொடுத்து வைத்தால் இரு பாதிக்கும் நடுவில் கடிபடாது.

கேள்வி: புதிய 212 சி.சி. இன்ஜின் போட்டேன். கிளட்ச் நீலமாகிறது, வண்டி இழுக்கவில்லை. – வாசகர், டல்லாஸ்

பதில்: பல் விகிதம் தவறு. சென்ட்ரிஃப்யூகல் கிளட்ச், அதாவது சுற்று ஏறினால் தானே பிடிக்கும் கிளட்ச், நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 சுற்றில் பிடிக்கும். பின்சக்கரப் பல் குறைவாக இருந்தால் பாதி பிடித்தபடியே வழுக்கிக் கொதிக்கும். கிளட்சில் 12 பல் இருந்தால் பின்னால் 72 பல் வையுங்கள். 3,600 சுற்றில் சக்கரம் 600 சுற்று சுற்றும். டயரின் சுற்றளவு சுமார் ஒரு மீட்டர் என்பதால் மணிக்கு 36 கி.மீ. வரும், இந்த ஃபிரேமுக்கும் பிரேக்குக்கும் அதற்கு மேல் ஆகாது. சுற்றை எல்லைக்குள் வைக்கும் கவர்னரைக் கழற்றச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். சுற்று எல்லை மீறினால் கனெக்டிங் ராடோ ஃப்ளைவீலோ உடையும். செயின் வாங்கும் முன் பத்து கண்ணியை ஊசிக்கு ஊசி அளந்து பாருங்கள்: 95 மி.மீ. என்றால் 35 நம்பர், 127 என்றால் அரை அங்குலக் கண்ணி வகை. அதில் 40 நம்பரின் உள் அகலம் 41, 420 ஆகியவற்றைவிடக் கூடுதல்.

கேள்வி: பவுடர் கோட்டிங் நல்லதா? – வாசகர், டொராண்டோ

பதில்: உழைக்கும். ஆனால் ஃபிரேம் எந்தக் கம்பெனி என்று தெரிந்து, முதல் பெயின்டும் ஸ்டிக்கரும் பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தால் எதுவும் பூசாதீர்கள், கழுவி மெழுகு போடுங்கள். சேகரிப்பவர்கள் தேடுவது அதைத்தான். பூசியே ஆக வேண்டுமென்றால் சாதாரண பட்டி வைக்கக் கூடாது, சுமார் 200 டிகிரி சூளையில் அது வெடித்துக் கொப்பளிக்கும். கழுத்துக் குழாயின் உள்பக்கம், மரைகள், அச்சுத் துளைகள், இன்ஜின் உட்காரும் முகம் ஆகிய இடங்களை மறைக்கச் சொல்லுங்கள். இன்ஜின் முகத்தில் பவுடர் படிந்தால் ஓட ஓட அது நசுங்கி போல்ட் தளரும், அதே இடத்தில் மறுபடி விரிசல் விழும்.