470-ஐ விட்டு இறங்காதீர்கள், தம்பி

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். மலேசியாவுக்கு வந்து ஒன்றரை வருஷம், ஈப்போவில் தொழிற்சாலை வேலை, வாடகை குறைவு என்று சுங்கை சிப்புட்டில் வீடு, கிரெடிட் கார்டில் 9,400 வெள்ளி (ரிங்கிட்) கடன். மாதா மாதம் பில்லில் போட்டிருக்கும் மினிமத்தைக் கட்டுகிறீர்கள், மூன்று தடவை மட்டும் ஓரிரு நாள் தாமதம், ஆனாலும் கடன் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஊரிலிருந்து அம்மாவின் நகையைக் கொண்டுவந்து இங்கே அடகு வைத்து ஒரேயடியாக அடைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அடகு வேண்டாம், காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

நானும் இதே ஊர்தான், பதினாறு வருஷம் ஆகிறது. வந்த மூன்றாவது வருஷம், பேரங்காடியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பையன் கார்டு எடுத்தால் பயணப்பெட்டி இலவசம் என்றான். பெட்டியின் சக்கரம் முதல் ஊர்ப் பயணத்திலேயே திருச்சி விமான நிலையத்தில் கழன்றுவிட்டது. கார்டுக் கடன் மட்டும் ஐந்து வருஷம் நன்றாக ஓடியது. அதனால் நான் சொல்வது வங்கிக்காரர் சொல்கிற மாதிரி இருக்காது, சூடு பட்டவன் சொல்கிற மாதிரிதான் இருக்கும்.

முதலில் உங்கள் பில்லை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மினிமம் என்பது இங்கே பாக்கியில் 5 விழுக்காடு, அது 50 வெள்ளிக்குக் கீழே வந்தால் 50 வெள்ளி. 9,400-க்கு 470. வட்டி 18 விழுக்காடு என்றால் மாதத்துக்கு ஒன்றரை, அதாவது 140 வெள்ளி போல. நீங்கள் கட்டும் 470-இல் வட்டி போக கடனில் இறங்குவது 330. அந்த 330-ஐயும் நீங்களே திரும்ப ஏற்றிவிடுகிறீர்கள், பெட்ரோலும் வீட்டுச் சாமானும் அதே கார்டில்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே. மாதம் 330 இறக்கி 330 ஏற்றினால் கடன் எங்கே நகரும்?

இதில் இன்னொன்று பலருக்குத் தெரியாது. முழுப் பாக்கியையும் கட்டுகிறவருக்குத்தான் பில் தேதியிலிருந்து இருபது நாள் வட்டியில்லாத அவகாசம். பாக்கி வைத்தால் அந்தச் சலுகை போய்விடும். இன்று காலையில் நீங்கள் போட்ட பெட்ரோலுக்கும் கணக்கில் ஏறிய நாளிலிருந்தே வட்டி. அதனால் கார்டைப் பணப்பையிலிருந்து எடுத்து அலமாரியில் கடவுச்சீட்டோடு வைத்துவிடுங்கள். வெட்டிப் போட வேண்டாம், அவசரத்துக்கு இருக்கட்டும், ஆனால் காரில் வேண்டாம். முதல் இரண்டு மாதம் கையில் காசு இறுகும், சந்தேகமே இல்லை. மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) ரொட்டி சானாயும் தே தாரிக் டீயும் கொஞ்ச நாள் குறையும்.

சரி, இப்போது முக்கியமான விஷயம். கார்டில் ஒரு வெள்ளிகூட ஏற்றாமல், பில்லில் வரும் மினிமத்தை மட்டும் ஒழுங்காகக் கட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழு வருஷம் ஆகிறது. வட்டி மட்டும் ஏறக்குறைய 3,500 வெள்ளி. ஏன் இவ்வளவு இழுக்கிறது என்றால், கடன் இறங்க இறங்க மினிமமும் கூடவே இறங்குகிறது. 470, அடுத்த மாதம் 453, அப்புறம் 437. பில்லைப் பார்த்தால் சுமை குறைகிற மாதிரி மனசுக்குச் சுகமாக இருக்கும். கடைசி இரண்டு வருஷம் ஐம்பது ஐம்பதாக இழுத்துக்கொண்டு கிடப்பீர்கள்.

இதையே, பில் என்ன கேட்டாலும் சரி, இன்றைக்குக் கட்டுகிற அதே 470-ஐ எல்லா மாதமும் கட்டினால்? இரண்டே வருஷம். வட்டி 1,650 போல. கூடுதலாக எங்கேயும் போய்ச் சம்பாதிக்க வேண்டாம், இன்றைக்கு உங்களால் முடிகிற தொகைதானே அது. 600 முடிந்தால் பதினெட்டு மாதம், வட்டி 1,200-க்குப் பக்கம். நான் முதல் மூன்று வருஷம் மினிமத்தின் பின்னாலேயே இறங்கிப் போனவன். இந்த ஒரு கணக்கை அன்று யாராவது போட்டுக் காட்டியிருந்தால் அந்த வருஷங்களில் ஒன்றிரண்டு மிச்சமாகியிருக்கும்.

எனக்குப் புத்தி வந்தது மாமியாரால். அவர் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர், ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். மளிகைக் கடைகளில் 555 என்று அட்டையில் போட்ட உள்ளங்கை அளவு நோட்டு விற்பார்களே, பார்த்திருப்பீர்கள், அந்தக் காலத்தில் தோட்டத்துக் கடைப் பற்று முழுக்க அதில்தான். சம்பள நாளில் கடைக்காரர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். என் பில்லை வாங்கிப் பார்த்த மாமியார் கேட்டது ஒன்றே ஒன்று: “இதுல நீ குடுக்குறது எவ்வளவுன்னு அவங்கதான் எழுதுறாங்களா? நீ எழுத மாட்டியா?” மறுநாளே ஒரு 555 வாங்கினேன். முதல் பக்கத்தில் 350 என்று எழுதினேன், அப்போது என் மினிமம் அது. அடுத்தடுத்த மாதங்களில் பில் 338 கேட்டது, 326 கேட்டது, நான் 350-தான் கட்டினேன். நோட்டு இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது, ஓரத்தில் தேநீர்க் கறையோடு.

தாமதத்தைப் பற்றி. மூன்று தடவைதானே என்று லேசாக எழுதிவிட்டீர்கள், அதுதான் உங்களை 18-இல் உட்கார வைத்திருக்கிறது. இங்கே வட்டி மூன்று படி. பன்னிரண்டு மாதமும் தவறாமல் மினிமத்தைக் குறித்த நாளுக்குள் கட்டியவருக்கு 15, பத்து மாதமாவது கட்டியவருக்கு 17, மற்றவருக்கு 18. மூன்று தாமதம் என்றால் ஒன்பது மாதம்தான் கணக்கில் நிற்கும், ஒன்றே ஒன்று குறைந்து 17-ஐ விட்டிருக்கிறீர்கள். அதற்கு மேல் ஒவ்வொரு தாமதத்துக்கும் பாக்கியில் ஒரு விழுக்காடு அபராதம், குறைந்தது 10 வெள்ளி, அதிகபட்சம் 100. உங்கள் தொகைக்கு ஒரு தடவைக்கு 94 வெள்ளி. ஒரு நாள் மறதிக்கு 94! எனக்கும் ஒரு தீபாவளி சமயத்தில் இப்படி ஆனது, விடுமுறைக்கு முதல் நாள் இரவு வேறு வங்கியிலிருந்து அனுப்பினேன், பணம் போய்ச் சேர்ந்தது கெடு முடிந்த பிறகு. போன் பண்ணிக் கெஞ்சினேன், நடக்கவில்லை. அதனால் சம்பளக் கணக்கிலிருந்து மினிமம் தானாகப் போகிற மாதிரி ஏற்பாடு செய்துவிடுங்கள். 470-இல் மிச்சத்தைச் சம்பளம் ஏறிய அன்றே நீங்கள் கையால் கட்டுங்கள். வட்டி நாள் கணக்கில் ஓடுகிறது, உங்கள் கடனுக்கு ஒரு நாளைக்கு 4 வெள்ளி 64 சென். சீக்கிரம் கட்டினால் மிச்சமாவது சில்லறைதான், பெரிய லாபம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கையில் இருந்தால் அந்தக் காசு வேறு எங்காவது போய்விடும்.

இப்போது அடகு. இங்கே உரிமம் வாங்கிய அடகுக்கடை மாதம் 2 விழுக்காடு வரை வட்டி வாங்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. வருஷத்துக்கு 24. உங்கள் கார்டோ 18. சின்ன வட்டியை அடைக்கப் பெரிய வட்டி வாங்குகிறீர்கள், அதுவும் அம்மாவின் நகையை வைத்து. அர்-ரஹ்னு (இஸ்லாமிய முறை அடகு) என்று போட்ட கடைகளில் வட்டிக்குப் பதில் காப்புக் கூலி, அது இதைவிடக் குறைவாக இருக்கும். ஆனாலும் கடல் தாண்டி நகையைக் கொண்டுவருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வேலையிடத்தில் யாராவது கூட்டுப் போடலாம் வா என்பார்கள், நம் ஊர்ச் சீட்டுதான் அது. 1971-லேயே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள், ஏமாந்தால் போலீசில் போய்ச் சொல்லக்கூட வாய் வராது. விளக்குக் கம்பத்திலும் பஸ் நிற்கிற இடத்திலும் ‘பின்ஜாமான் வாங்’ (பணக் கடன்) என்று ஒட்டியிருக்கிற போன் நம்பர்கள் ஆலோங் என்ற உரிமமில்லாத வட்டிக்காரர்களுடையவை, அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். வங்கியிலேயே தனிநபர் கடன் எடுக்கலாம், ஆனால் ‘ஃபிளாட்’ (கடன் இறங்கினாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே வட்டி) 8 விழுக்காடு என்று யாராவது சொன்னால் அது 8 இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். மூன்று வருஷத்துக்கு எடுத்தால் உண்மையில் பதினாலரை போல வரும். கார்டை விடக் குறைவுதான், நினைத்த அளவுக்குக் குறைவில்லை.

கேட்டுப் பார்க்க வேண்டியது பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர். வேறொரு வங்கி உங்கள் கடனை எடுத்துக்கொண்டு ஆறு மாதமோ ஒரு வருஷமோ வட்டியில்லாமல், அல்லது குறைந்த வட்டியில் தவணை போட்டுத் தரும். வட்டியில்லை என்றால் முன்கட்டணம் எவ்வளவு என்று உடனே கேளுங்கள், இலவசப் பயணப்பெட்டி ஞாபகம் இருக்கட்டும். நீங்கள் வெளிநாட்டவர் என்பதால் வேலை பாஸ் (அனுமதி) இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று பார்ப்பார்கள், புதுப்பித்த கையோடு போனால் நல்லது. சிசிரிஸ் என்ற கடன் பதிவு அறிக்கையில் கடந்த பன்னிரண்டு மாதத்துக் கட்டணப் பழக்கம் அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஒருவேளை இப்போது மறுத்தால் ஆறு மாதம் ஒழுங்காகக் கட்டிவிட்டுத் திரும்பப் போங்கள். எடுத்தால் அந்தப் புதுக் கார்டில் எதுவும் வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

தங்கை பிள்ளை காதுகுத்துக்குக் கார்டிலிருந்தே 2,000 எடுத்து அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு 5 விழுக்காடு கட்டணம் என்று 100 வெள்ளி அன்றே போயிருக்கும், வட்டியும் எடுத்த நாளிலிருந்தே. மலேசியாவில் இருக்கிறான் என்றாலே வீட்டில் ஒரு கணக்கு இருக்கும், எனக்குத் தெரியாததா. நான் ஒரு தடவை அப்பாவிடம் பில்லைப் படம் எடுத்து அனுப்பி, இதுதான் நிலைமை என்று சொன்னேன். ஒரு வாரம் பேசவில்லை, அப்புறம் அவரே கூப்பிட்டு மெதுவாக அனுப்பு என்றார். சம்பளத்தில் மிஞ்சுவதை அனுப்புங்கள், கார்டிலிருந்து மறுபடி எடுக்காதீர்கள்.

மினிமமே கட்ட முடியாத நிலை உங்களுக்கு இல்லை. என் மச்சானுக்கு இருந்தது, இங்கே பிறந்தவர், நாலு கார்டு. அவர் ஏகேபிகே போனார், 2006-இல் பேங்க் நெகாரா (இங்குள்ள மத்திய வங்கி) தொடங்கிய கடன் ஆலோசனை அமைப்பு, காசு வாங்குவதில்லை. உட்கார்ந்து வரவு செலவு பார்த்து, வங்கிகளோடு பேசி ஒரே தவணையாக மாற்றிக் கொடுத்தார்கள். நடுவில் ஒருவர் ஆயிரம் வெள்ளி கொடு, நான் முடித்துத் தருகிறேன் என்று அவரிடம் வந்தார், அந்த மாதிரி ஆட்கள் யாரும் வேண்டாம்.

பயன்படுத்தாமல் வைத்திருக்கும் இரண்டாவது கார்டை ரத்து செய்துவிடுங்கள். ஒவ்வொரு கார்டுக்கும் வருஷத்துக்கு 25 வெள்ளி சேவை வரி உண்டு, சும்மா கிடந்தாலும் உண்டு. பாக்கி சைபர் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்காமல் விட்டு, எட்டு மாதம் கழித்து 25 வெள்ளி வரிக்கு ஒரு பில்லும் அதற்கு 10 வெள்ளி அபராதமும் வந்து நின்றது.