கேம் விளம்பரத்தில் பெண் என்றால் பரிசுப் பொருளா? யாரிடம் கேட்பது?

கேள்வி: எங்கள் வீடு வேலூர் சத்துவாச்சாரியில். மகள் ஒன்பதாம் வகுப்பு. மொபைலில் துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுவாள், தெருப் பையன்களைவிட நன்றாகவே ஆடுவாள். அந்த கேமுக்குத் தமிழில் வரும் விளம்பரங்களில் பெண் என்றால் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடிக்கிறவள், இல்லையென்றால் ஜெயித்தவனுக்குக் கிடைக்கிற பரிசு. கறுப்பாக ஒருவர் வந்தால் அவர் காமெடிக்குத்தான். “நான் ஆடுற கேம்ல நான் ஏம்மா இல்ல?” என்று மகள் கேட்கிறாள். கம்பெனியிடம் இதைக் கேட்க முடியுமா? கேட்டால் மதிப்பார்களா?

பதில்: கேட்கலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு புகார்கள் கலந்து கிடக்கின்றன. பெண்ணையும் கறுப்பு நிறத்தையும் மட்டம் தட்டுவது ஒன்று. திறமையாக ஆடும் பெண் விளம்பரத்தில் இல்லவே இல்லை என்பது இன்னொன்று. முதலாவதற்குப் போய்த் தட்டக் கதவு உண்டு. இரண்டாவதற்கு எந்தச் சட்டமும் துணைக்கு வராது. அங்கே கணக்கு போட்டுத்தான் பேச வேண்டும்.

முதலில் கதவு. 1985-இல் விளம்பரத் துறையினரே சேர்ந்து அமைத்துக்கொண்ட இந்திய விளம்பரத் தர மன்றம் ஒன்று இருக்கிறது, சுருக்கமாக ஆஸ்கி. இனம், சாதி, நிறம், பாலினம் என எதை வைத்தும் ஒருவரை இழிவுபடுத்தக் கூடாது என்பது அதன் விதி. பெண் என்றால் இப்படித்தான் என்று அச்சில் வார்த்ததுபோல் காட்டுவதைப் பற்றி 2022-இல் தனி வழிகாட்டுதலும் வந்தது. துப்பாக்கி பிடிக்கத் தெரியாத பெண், பரிசாகக் கிடைக்கும் பெண் இரண்டையும் அதன் கீழ் கொண்டுபோகலாம். அவர்கள் இணையதளத்திலோ வாட்ஸ்அப்பிலோ புகார் செய்யலாம், செலவில்லை. உங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்றும் சொல்லலாம்.

ஒரு சிக்கல் உண்டு. கேமுக்குள் வரும் விளம்பரம் இன்று பார்த்தது நாளைக்கு வராது. அதனால் பார்த்த உடனே மொபைலில் ஸ்கிரீன் ரெக்கார்ட் எடுத்துவிடுங்கள். தேதி, நேரம், எந்த ஆப்பில் வந்தது, யார் பெயரில் வந்தது, நான்கையும் குறித்து வையுங்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு தமிழ் ஸ்ட்ரீமர் (கேம் ஆடுவதை நேரலையில் காட்டுகிறவர்) ஒருவர் பேசிய வீடியோ என்றால், அது விளம்பரம் என்று அவர் குறிப்பிட வேண்டும் என்ற விதி 2021 முதல் இருக்கிறது. அதையும் சேர்த்தே எழுதலாம். ஆஸ்கியால் அபராதம் போட முடியாது. விளம்பரத்தை எடு, அல்லது மாற்று என்று சொல்லும்.

காட்டுவது ஒன்று, கேமில் இருப்பது வேறு என்றால் அது நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும், உதவி எண் 1915. உங்கள் பிரச்சினை அதுவல்ல என்பதால் விட்டுவிடுகிறேன்.

இனி அந்த இரண்டாவது புகார். “பெண் முகம் போட்டால் விற்காது” என்பது இந்தத் தொழிலில் பழைய பாட்டு. மாஸ் எஃபெக்ட் என்ற கேமில் நாயகன் ஷெப்பர்டை ஆணாகவோ பெண்ணாகவோ வைத்து ஆடலாம். பெண்ணாக ஆடுகிறவர்கள் 18 சதவீதம்தான் என்று 2011-இல் கம்பெனி சொன்னது. ஆனால் அதுவரை கேம் பெட்டியின் அட்டையிலும் டிரெய்லரிலும் ஆண் ஷெப்பர்டுதான் நின்றான். கடையில் அடுக்காத சரக்கு விற்கவில்லை என்று புலம்புகிற கதை! ரசிகர்கள் விடாமல் கேட்ட பிறகு, 2012-இல் வந்த மூன்றாம் பாகத்துக்குத்தான் பெண் ஷெப்பர்டை வைத்து டிரெய்லர் வந்தது. இன்னொன்று, தி லாஸ்ட் ஆஃப் அஸ். சிறுமி எல்லியை அட்டையின் பின்பக்கம் தள்ளச் சொன்னபோது, கேமை உருவாக்கிய நாட்டி டாக் ஸ்டுடியோ மறுத்துவிட்டது. 2013-இல் எல்லி முன்னட்டையிலேயே வந்தாள். 2018-க்குள் அந்த கேம் 1.7 கோடி பிரதிகள் விற்றிருந்தது.

சரி, கம்பெனியிடம் எப்படிக் கேட்பது? ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்த்த யாரையாவது விசாரித்துப் பாருங்கள். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் வந்து “தொழிலாளர்களை நல்லா நடத்துங்க” என்று பொதுவாகச் சொன்னால் எல்லாரும் தலையாட்டிவிட்டு டீ கொடுத்து அனுப்புவார்கள். கழிப்பறை எத்தனை, ஓவர்டைம் எத்தனை மணி நேரம், தீயணைப்பான் கடைசியாக என்று நிரப்பியது என்று தாளை நீட்டினால்தான் ஆபீசில் ஓட்டம் ஆரம்பிக்கும். நீங்களும் அந்தத் தாளைத்தான் நீட்ட வேண்டும்.

மெட்டாவின் விளம்பர நூலகத்தில் கம்பெனி பெயரைப் போட்டு, நாடு இந்தியா என்று தேர்ந்தெடுத்தால் இப்போது ஓடும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்கள் வந்து நிற்கும். கூகுளிலும் இப்படி ஒரு வசதி இருக்கிறது. இருபது விளம்பரத்தை எடுத்து ஒரு நோட்டில் கட்டம் போடுங்கள்: துப்பாக்கி யார் கையில், யாருக்கு வசனம், ஜெயிப்பது யார், கறுப்பு நிறத்தவர் என்ன செய்கிறார். பக்கத்தில், கேமுக்குள் ஆடக் கிடைக்கும் பெண் பாத்திரங்கள் எத்தனை என்று எழுதுங்கள். கேமில் நிறைய இருந்து விளம்பரத்தில் ஒருத்திகூட இல்லையென்றால், அந்த ஒரு வரியே போதும். பாத்திரத்தை உருவாக்கத் தனிச் செலவாகும் என்ற சாக்கு அதற்குப் பிறகு எடுபடாது.

கேமுக்குள் இருக்கும் கஸ்டமர் கேரில் எழுதினால் ரோபோதான் நன்றி சொல்லும். கம்பெனி இணையதளத்தின் அடியில் குறைதீர் அதிகாரி முகவரி இருந்தால் அங்கே அனுப்புங்கள். பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி என்றால் அதன் ஆண்டறிக்கையில் பன்முகத்தன்மை பற்றி ஏதாவது எழுதியிருப்பார்கள். அந்த வரியை அப்படியே கடிதத்தின் தலையில் போட்டு, கீழே உங்கள் கணக்கை வையுங்கள். கேட்பதும் ஒன்றாக இருக்கட்டும்: அடுத்த ஆறு மாதத் தமிழ் விளம்பரங்களில் எத்தனையில் பெண் ஜெயிப்பாள்? “எங்களையும் காட்டுங்கள்” என்று மட்டும் எழுதினால், பொங்கலுக்குப் பாவாடை தாவணியில் ஒருத்தியைக் கரும்போடு நிறுத்தி போஸ்டர் ஒட்டிவிட்டுக் கணக்கை முடித்துவிடுவார்கள். இது நான் பலமுறை பார்த்த வித்தை.

கம்பெனி எங்கோ கொரியாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கலாம். ஆனால் கல்லூரி விழாவில் ஸ்டால் போட, போட்டி நடத்த என்று காட்பாடிப் பக்கம் ஆள் வரத்தான் செய்யும். ஸ்பான்சர் பணம் வாங்கும் மாணவர் குழு “பேனரில் யார் படம்?” என்று முன்கூட்டியே கேட்டால், உங்கள் மின்னஞ்சலைவிட அது சீக்கிரம் மேலே போகும். தெரிந்த பிள்ளைகள் யாராவது அந்தக் குழுவில் இருந்தால் சொல்லி வையுங்கள்.

தமிழில் குரல் கொடுத்த கலைஞரைத் தேடிப் போய்த் திட்ட வேண்டாம். எழுதிக் கொடுத்ததைப் படித்தவர் அவர்.

புகார் உங்கள் பெயரிலேயே போகட்டும், மகள் பெயர் வேண்டாம். கட்டம் நிரப்பும் வேலையை மட்டும் அவளிடம் கொடுங்கள், காலாண்டுத் தேர்வு முடிந்த பிறகு.