சியெனா நகர மண்டபக் கோபுரத்துக்கு ‘மாஞ்சா’ என்று ஏன் பெயர்?

இத்தாலியின் சியெனாவில் இந்தக் கோபுரத்து மணியை முதலில் அடித்தவர் கையில் காசு தங்காதவராம். ‘சம்பாத்தியத்தைத் தின்கிறவன்’ என்ற பட்டப்பெயர் சுருங்கி ‘மாஞ்சா’ ஆகிவிட்டது. உயரம் ஏறத்தாழ 87 மீட்டர், 1348-இல் முடித்தார்கள்.

மண்டபம் அதற்கும் மூத்தது, 1297 வாக்கில் தொடங்கியது. கீழ்த்தளம் கல், மேலே செங்கல். முகப்பு நேர்கோடாக இருக்காது. முன்னாலுள்ள சிப்பி வடிவச் சதுக்கத்துக்கு ஏற்ப லேசாக உள்வளைந்திருக்கும்.

அப்போது நகரை ஆண்டவர்கள் 9 பேர். பதவி இரண்டே மாதம், அதுவரை அங்கேயே வாசம்! அவர்கள் கூடிய அறையில் 1338-39-இல் அம்ப்ரோஜோ லோரென்செத்தி நல்லாட்சியையும் கொடுங்கோலையும் சுவரோவியமாக வரைந்தார். கொடுங்கோலனுக்குக் கொம்பு முளைத்திருக்கும். நல்லாட்சி நகரிலோ கொத்தனார்கள் சாரத்தில் நின்று சுவர் எழுப்புகிறார்கள். கோபுரம் ஏற நேரமில்லையா? சரி, இதையாவது பார்த்துவிடுங்கள்.