வாசகர் கேள்வி – பதில்: மூன்று பிள்ளைகளும் இரண்டு குடைகளும்

கேள்வி: தென் கொரிய எழுத்தாளர் சோ நாம்-ஜூவின் ‘கிம் ஜி-யங், பிறப்பு 1982’ நாவலை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன். அதில் கொலை இல்லை, வரதட்சணைக் கொடுமை இல்லை, கணவன் கை ஓங்குவதும் இல்லை. ஆனாலும் படித்து முடித்த பின் இரண்டு இரவுகள் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒன்றுமே நடக்காத கதை எப்படி இவ்வளவு பாதிக்கிறது?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: தங்களைத் தூங்கவிடாமல் செய்தவை அந்த நாவலின் மிகச் சிறிய செய்திகளாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். அக்கா, ஜி-யங், தம்பி என்று அந்த வீட்டில் மூன்று பிள்ளைகள். குடை இரண்டுதான் என்றால் ஒன்று தம்பிக்கு. மற்றொன்றில் அக்காவும் தங்கையும் ஒண்டிக்கொண்டு போக வேண்டும். சுடச்சுட வடித்த சோறு அப்பாவுக்கும் தம்பிக்கும் பாட்டிக்கும் முதலில் போகும். பள்ளியில் பையன்களின் வரிசை எண்கள் முடிந்த பிறகே பெண்களுடையவை தொடங்கும். அரசு தரும் அடையாள எண்ணிலும் அக்காலத்தில் ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2 என்றே இருந்ததால், அந்தச் சிறுமிக்கு இதில் எதுவும் விசித்திரமாகத் தோன்றுவதில்லை. இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து யாரிடமாவது முறையிட்டால், ‘இதற்குப் போயா மனம் நோவது?’ என்ற பதில்தான் வரும். நாவலாசிரியர் ஜி-யங்கின் வாழ்வின் முப்பத்து மூன்று ஆண்டுகளையும் வரிசையாக அடுக்கிக் காட்டுவதால், அந்தப் பதிலைச் சொல்ல வாசகருக்கு வாய் வருவதில்லை.

நடுநடுவே புள்ளிவிவரங்களும் செய்தித்தாள் குறிப்புகளும் வருவதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். முதல் வாசிப்பில் எனக்கும் அவை கதையைத் தடுப்பதாகவே பட்டன. இரண்டாம் முறை படித்தபோதுதான், ‘அது உங்கள் வீட்டில் மட்டும் நடந்திருக்கும்’ என்று சொல்லக்கூடியவருக்கு உரிய விடையாக அவை அங்கே நிற்கின்றன என்று புரிந்தது. சகோதரர்களின் படிப்புக்காக ஆலை வேலைக்குப் போன ஜி-யங்கின் தாய், தனக்கும் ஆசிரியை ஆகும் ஆசை இருந்தது என்று மகளிடம் சொல்லும் இடத்தில், ஒரு தலைமுறைப் பெண்களின் கதையே அடங்கியிருக்கிறது. ஆணையே குடும்பத் தலைவராகக் கொண்ட பதிவு முறை அரசமைப்புக்குப் பொருந்தாது என்று கொரிய நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்து, 2008இல் அம்முறை ஒழிந்தது. ஆனால் திருமணத்தைப் பதிவு செய்யும்போது, பிள்ளைக்குத் தாயின் குடும்பப் பெயரைச் சூட்டச் சம்மதமா என்ற கேள்விக்கு, ஜி-யங்கும் அவள் கணவரும் ‘இல்லை’ என்றே குறிக்கிறார்கள். சட்டம் மாறிய பிறகும் வழக்கம் வீட்டுக்குள் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

பண்டிகைக்குப் போன புகுந்த வீட்டில் ஜி-யங் திடீரெனத் தன் தாயின் குரலில் பேசுகிறாள். சம்பந்தியிடம் பேசுவதுபோல், உங்கள் மகள் உங்கள் வீட்டுக்கு வரும் நாளில் என் மகளையும் என்னிடம் அனுப்பக் கூடாதா என்று கேட்கிறாள். மருமகளாக நின்று கேட்க முடியாததை ஒரு தாயாக மாறித்தான் கேட்க முடிகிறது. நோய் என்று அந்த வீடு அஞ்சும் அந்தப் பேச்சில் தவறான சொல் ஒன்றுகூட இல்லை.

கேள்வி: தமிழில் இத்தகைய கதைகள் உண்டா?
– ஒரு மாணவி, மதுரை

பதில்: நிறைய உண்டு. முதலில் அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதையைப் படியுங்கள். பெரிய வீடொன்றில் பெண்கள் நாளெல்லாம் நிற்கும் இடம் மட்டும் மூலையில் ஒடுங்கிக் கிடப்பதை அது காட்டுகிறது. படித்த பின் உங்கள் வீட்டுச் சமையலறையில் சன்னல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பீர்கள்.

கேள்வி: மனைவி சொன்னதால் கொரிய நாவலைப் படித்தேன். வீட்டு வேலைகளில் உதவி செய்யும் என்னைப் போன்றவர்களையும் அது குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதுபோல் இருந்தது. இது நியாயமா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தாங்கள் படித்து முடித்ததற்கும், மனத்தில் பட்டதை மறைக்காமல் எழுதியதற்கும் என் மரியாதை. ஜி-யங்கின் கணவர் கெட்டவர் அல்லர்; மனைவிக்காக உண்மையாகவே கவலைப்படுகிறார். குழந்தை பிறந்தால் தானும் உதவுவதாக அவர் சொல்லும்போது, இது உங்கள் வீடும் இல்லையா, உங்கள் பிள்ளையும் இல்லையா, பிறகு உதவி என்று ஏன் சொல்கிறீர்கள் என்று அவள் கேட்கிறாள். தங்கள் கடிதத்திலும் அதே சொல் இருக்கிறது. தங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. நல்ல மனத்துடன் சொல்லும்போதும் அந்தச் சொல் பொறுப்பு முழுவதையும் மனைவியின் பெயரில் எழுதிவிடுகிறது என்பதால் சொல்கிறேன்.

ஜி-யங்கின் கதையை நமக்குச் சொல்லும் மனநல மருத்துவரும் நல்லவர்தான். அவள் பட்ட பாட்டையெல்லாம் கேட்டுப் புரிந்துகொள்கிறார். தன் மனைவியும் தொழிலைக் கைவிட நேர்ந்ததை எண்ணி வருந்துகிறார். பிறகு, அவருடைய மருத்துவமனையில் வேலை பார்த்த கருவுற்ற பெண் விலகும்போது, அந்த இடத்துக்கு அடுத்து எப்படிப்பட்ட பெண்ணை அமர்த்தலாம் என்று யோசிக்கிறார். அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் தங்கள் மனைவியுடன் சேர்ந்து இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.