பெரியப்பாவின் ஃபெண்டருக்கு என்ன விலை?

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்த்த என் பெரியப்பா 1960களில் வாங்கி வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டார் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. கல்யாணக் கச்சேரிகளில் வாசித்தவர். கிட்டாரின் பின்பக்கத் தகட்டில் ‘எல்’ எழுத்தும் ஐந்து எண்களும் உள்ளன. பெயிண்ட் மஞ்சளடித்து, மயிரிழை வெடிப்புகள் விட்டிருக்கிறது. ஒருவர் 60,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். டூகோ அடித்துப் புதுசாக்கினால் கூடக் கிடைக்கும் என்கிறான் நண்பன். என்ன செய்யலாம்?
— வாசகர், வில்லாபுரம், மதுரை

பதில்: டூகோ யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும். பழைய கிட்டாரைத் தேய்த்தால் விலைதான் தேயும். அந்த வெடிப்புகள் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்ற பழங்காலப் பெயிண்ட் பூச்சு வயதானதன் அடையாளம். வெயிலுக்கும் மழைக்கும் மரம் சுருங்கி விரிய, இறுகிப்போன லாக்கரால் கூடவே போக முடியாமல் வெடிக்கிறது. மறு பெயிண்ட் அடித்த பழைய ஃபெண்டருக்குச் சந்தையில் ஏறக்குறைய பாதி விலைதான். (ஃபெண்டர் கம்பெனியே சில கலர்களுக்கு டூபான்ட் என்ற பெயிண்ட் தயாரிப்பாளரின் டூகோவைத்தான் அடித்தது என்பது வேடிக்கை. அதற்காகப் பீரோ பட்டறையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள்.)

‘எல்’ தகடு ஏறத்தாழ 1962 கடைசியிலிருந்து 1965 வரைக்கும் உரியது. 1965 ஜனவரியில் ஃபெண்டர் கம்பெனி சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போனது. அதற்கு முன் செய்தவற்றுக்குத்தான் கிராக்கி. எல்லாம் அசலாக இருந்தால் வெளிநாட்டில் 10,000 டாலருக்கு மேல் போகும் பொருள். உங்களுக்குச் சொன்ன 60,000 ரூபாய் ஆயிரம் டாலர்கூட ஆகாது. ஆனால் அந்தத் தகடு நான்கு ஸ்க்ரூவில் நிற்பது. யார் வேண்டுமானாலும் கழற்றி இன்னொன்றில் மாட்டலாம்; போலித் தகடும் விற்கிறது. தகட்டை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள்.

எதையும் கழற்றாமலே ஒன்று பார்க்கலாம். பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) மாற்றும் சுவிட்சைத் தள்ளிப் பாருங்கள். மூன்று இடத்தில் நின்றால் சரி. ஐந்து இடத்தில் நின்றால் பின்னாளில் மாற்றியது. கம்பெனி ஐந்து நிலை சுவிட்சுக்கு வந்ததே 1977-ல்தான்.

அடுத்து கழுத்து, அதாவது இடது கை பிடிக்கும் நீண்ட பாகம். கம்பிகளை முழுதாகத் தளர்த்தி, தகட்டின் நான்கு ஸ்க்ரூவையும் எடுங்கள். எந்த ஸ்க்ரூ எந்தத் துளையில் இருந்ததோ, அதே வரிசையில் ஒரு அட்டையில் குத்தி வையுங்கள். கழுத்தின் அடியில் சின்ன அட்டைத் துண்டு இருந்தால் அதைத் தூக்கி எறியக் கூடாது. கழுத்தின் சாய்வுக்காக வைத்தது. கழுத்தின் கடைசியில் ‘2 மார் 63 பி’ என்பது போல முத்திரை இருக்கும். பலரும் அதை மார்ச் 2-ஆம் தேதி என்று படிப்பார்கள். 2 என்பது ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கான குறி. மாதமும் வருடமும்தான் தேதி. ‘பி’ என்பது கழுத்தின் அகலம், 1 5/8 அங்குலம்.

முன்பக்கத்தை மூடும் பிக்கார்டு என்ற தகட்டில் 11 ஸ்க்ரூ. இங்கேதான் பதற்றம் கூடாது. 1964 வாக்கிலான அந்த வெளிர்பச்சைத் தகடு செல்லுலாய்டு. அறுபது வருடத்தில் சுருங்கி, ஸ்க்ரூக்கள் சாய்ந்து, துளையிலிருந்து விரிசல் ஓடியிருக்கும். கழற்றிவிட்டால் பழைய துளைக்குத் திரும்பப் பொருந்தாமல் அடம்பிடிக்கும்; அழுத்தினால் உடையும். விரிசல் இருந்தால் தொடாதீர்கள், வாங்க வருபவர் முன்னிலையில் விவரம் தெரிந்தவர் திறக்கட்டும். விரிசல் இல்லையென்றால் ஒரே ஒரு முறை திறந்து எல்லாப் படத்தையும் எடுத்து மூடுங்கள். வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பாட்களின் (திருகு மின்தடைகளின்) முதுகில் 304-6312 என்பது மாதிரி எண் இருக்கும்: 304 தயாரித்த கம்பெனி, 63 வருடம், 12 வாரம். கிட்டார் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது, அவ்வளவுதான். வாங்கி வைத்த பாட்கள் சில வருடம் கழித்தும் மாட்டப்பட்டன. துணி உறை போட்ட ஒயரும் மங்கிய ஈயப் பற்றும் நல்ல அறிகுறி. பளிச்சென்று இருந்தால் யாரோ சால்டரிங் வைத்திருக்கிறார்கள். மரத்தில் சின்ன ஆணித் துளைகள் தெரியும். பெயிண்ட் அடிக்கும்போது அடித்து வைத்த ஆணியைக் காய்ந்த பிறகு பிடுங்கியதால் உள்ளே வெறும் மரம் தெரிய வேண்டும். துளைக்குள் பெயிண்ட் இருந்தால் மறு பெயிண்ட். கள்ளநோட்டுப் பார்க்கும் யூவி லைட்டை இருட்டறையில் அடித்தால், பின்னாளில் தொட்டு அடித்த இடம் திட்டாக வேறு நிறத்தில் தெரியும்.

பிக்கப் உயிரோடு இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். கேபிளைச் செருகி, மறுமுனைப் பிளக்கின் நுனிக்கும் அதே பிளக்கின் உடம்புக்கும் இடையே, வால்யூமை முழுதாக வைத்து அளக்க வேண்டும். சுவிட்சின் ஒவ்வொரு நிலையிலும் 5 முதல் 6.5 கிலோ ஓம் காட்டினால் நலம். 250 கிலோ ஓம் பக்கம் காட்டினால் பிக்கப்பின் கம்பிச் சுருள் அறுந்திருக்கிறது. மீட்டர் பார்ப்பது வால்யூம் பாட்டை மட்டும்தான். அறுந்ததைச் சுற்றக் கொடுக்காமல், அறுந்தது என்றே எழுதி விற்பது மேல்.

இனி விற்பனை. “காட்டிட்டுத் தர்றேன்” என்று கேட்பவரிடம் கொடுத்தனுப்பாதீர்கள். கமிஷனுக்கு விற்றுத் தருபவரானால் சதவீதமும் குறைந்தபட்ச விலையும் எழுத்தில் வேண்டும். ஒருவரிடம் ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது சட்டப்படி கூடாது, அபராதம் வாங்கியவருக்கு. வங்கிக் கணக்கில் பணம் ஏறியதை நீங்களே பார்த்த பிறகுதான் பெட்டி கை மாற வேண்டும். போனில் காட்டும் ஸ்க்ரீன்ஷாட் செல்லாது. வெளிநாட்டுக்கு விற்றால் ஒரு முட்டுக்கட்டை: அக்காலத்து ஃபெண்டரில் கறுத்த விரல்பலகை (கழுத்தின் மேல் விரல் அழுத்தும் மரப்பட்டை) பெரும்பாலும் பிரேசில் ரோஸ்வுட். அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் 1992 முதல் உள்ள மரம் அது. அனுமதிச் சான்று இல்லாமல் அனுப்பினால் கஸ்டம்ஸில் பறிபோகும். சென்னையிலோ பெங்களூரிலோ வாங்க ஆள் கிடைத்தால் தலைவலி மிச்சம். கொண்டுபோவது பாண்டியன் எக்ஸ்பிரஸில் உங்கள் பெர்த்திலேயே. ஆம்னி பஸ் டிக்கியின் சூட்டில் வேண்டாம். ரெக்சினும் ரப்பரும் ஸ்பாஞ்சும் லாக்கரை இளக்கி ஒட்டிக்கொள்ளும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றுங்கள்.

பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியையும் இறக்கிப் பாருங்கள். அசல் பெட்டி, சிங்கப்பூர் ரசீது, பெரியப்பா மேடையில் அதை மாட்டி நிற்கும் போட்டோ, எல்லாமே சாட்சி. கிட்டாரின் பாலத்தை (கம்பிகள் உடலில் தாங்கி நிற்கும் இடத்தை) மூடும் குரோமியத் தொப்பி ஒன்றும் உண்டு. வாசிக்க இடைஞ்சல் என்று கழற்றி, பலர் சிகரெட் சாம்பல் தட்ட வைத்துக்கொண்டார்கள். அதனால் அதற்கு ‘ஆஷ்ட்ரே’ என்றே பெயர். அதற்கும் தனி விலை உண்டு. வீட்டில் யாராவது திருகாணியோ ஊசியோ போட்டு வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.